உரிடில், வீழ்ச்சி – கடிதம்

அன்புள்ள சார்,

ஆஸ்திரியக் கால்பந்து ஆட்டக்காரர் சிந்தெலார் பற்றிய உங்கள் கட்டுரையில் யோசெஃப் உரிடில் என்ற பெயர் ஒரே ஒரு வரியில் வந்தது. தேடிப் படித்தேன். வியன்னாவே கொண்டாடிய ஸ்ட்ரைக்கர். அப்புறம் பயிற்சியாளராகி, ஊர் ஊராக அலைந்து மறைந்துபோயிருக்கிறார். பெரிய ஆட்டக்காரர்கள் ஏன் நல்ல பயிற்சியாளர்கள் ஆவதில்லை? விளம்பரம், சினிமா என்று பெயரை விற்றதுதான் அவருடைய வீழ்ச்சியின் தொடக்கமா? இன்றைக்கு ஆடினால் ஸ்ட்ரைக்கர் எர்லிங் ஹாலண்ட் அளவுக்கு வருவாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஹாலண்டை விட்டுவிடுவோம். நூறு வருட இடைவெளியில் இரண்டு பேரை நிறுத்தி உயரம் பார்ப்பதில் எனக்கு ஆர்வமில்லை.

ஒரு மாதமாக 1954-இன் ஆஸ்திரிய அணியைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் மறைந்துபோனதாகச் சொல்லும் உரிடில் அங்கே எனக்குத் திரும்பத் திரும்ப எதிர்ப்படுகிறார். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

முதலில் அந்த 'விற்றது' என்ற சொல். அதை எழுதும்போது கொஞ்சம் யோசித்திருக்கலாம். உரிடில் ஓட்டக்ரிங்கில் பிறந்தவர், வியன்னாவின் தொழிலாளர் பேட்டை அது. 1914-இல் வியன்னாவின் ராபிட் அணிக்கு வந்தார். ஆஸ்திரியாவில் ஆட்டத்துக்கு முறைப்படி சம்பளம் என்பது 1924-இல்தான் வந்தது. அவருடைய காலில் உயிர் இருந்த பத்து வருடம் காகிதத்தில் அவர் அமெச்சூர். 1922-இல் பாடகர் ஹெர்மன் லெயோபோல்டி 'இன்று ஆடுகிறார் உரிடில்' என்று ஒரு பாட்டுப் போட்டார், ஊரே பாடியது. 1924-இல் ஒரு மௌனப் படத்திலும் நடித்தார். ஊர் முழுக்க அவர் பெயரில் சந்தோஷப்படலாம், அவர் மட்டும் அந்தப் பெயரில் நாலு காசு பார்க்கக் கூடாதா? முப்பது வயதில் முடிந்துவிடும் தொழில் இது. அடுத்த முப்பது வருடத்துக்குச் சோறு யார் போடுவார்கள்? கோபமாக எழுதுகிறேன் என்று தெரிகிறது. ஆனால் இந்தக் கோபம் உங்கள் ஒருவர் மேல் மட்டும் இல்லை.

அவர் எப்படி ஆடினார் என்பதற்கு ஒரு ஆட்டம் போதும். வியன்னா ஏ.சி. அணிக்கு எதிராக ராபிட் 1–5 என்று பின்தங்கி நிற்கிறது. முடியும்போது 7–5, ராபிட் வெற்றி. ஏழு கோலும் உரிடில் அடித்தவை. எதிரே நிற்பவர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு நேராகப் போகிற ஆட்டம் அவருடையது. அவரை 'டாங்க்' என்றார்கள். போரில் பார்த்துப் பயந்த ஒரு இயந்திரத்தின் பெயரைச் செல்லப்பெயராக வைக்க அந்த ஊருக்கு மனம் வந்திருக்கிறது.

ராபிட்டுக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஆட்டத்தின் 75ஆவது நிமிடம் ஆனதும் ரசிகர்கள் சேர்ந்து தாளமாகக் கைதட்டத் தொடங்குவார்கள். கடைசிக் கால் மணி நேரம் எங்களுடையது, எவ்வளவு பின்தங்கியிருந்தாலும் சரி என்று பொருள்.

இப்போது அந்த 'வீழ்ச்சி'க்கு வருகிறேன். 1934 உலகக் கோப்பையில் ருமேனியாவுக்கு, ரதுலெஸ்குவுடன் சேர்ந்து, உரிடில் பயிற்சியாளர். முதல் சுற்றே நாக் அவுட். பதினாறு அணிகளில் எட்டு அணிகள் ஒரே ஆட்டத்தோடு பெட்டி கட்டின. ருமேனியாவுக்குக் கிடைத்த எதிரி செக்கோஸ்லோவாக்கியா, இடம் இத்தாலியின் திரியெஸ்த் நகரம். 11ஆவது நிமிடத்தில் டோபாய் கோல் போடுகிறார். இடைவேளை வரை ருமேனியாதான் முன்னிலை. அப்புறம் பூச், நெயெட்லி ஆளுக்கொரு கோல், 1–2. அதே செக்கோஸ்லோவாக்கியா இறுதி ஆட்டம் வரை போய், இத்தாலியிடம் கூடுதல் நேரத்தில்தான் தோற்றது. இப்படிப்பட்ட அணியை ஒரு பாதி முழுக்கப் பின்னால் நிறுத்திவைத்தவர்களைத் தோற்றவர்கள் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம்.

'ஊர் ஊராக' என்கிறீர்கள். பயிற்சியாளர் வேலையே அதுதான். எங்கே அழைக்கிறார்களோ அங்கே போக வேண்டும். இத்தாலியில் பாரி அணிக்குப் போனார், வேறு இடங்களுக்கும் போனார். கடைசியில் 1953-இல் ராபிட்டே அவரைத் திரும்பக் கூப்பிட்டது. அந்த சீசனில் ராபிட் சாம்பியன். ஆட்டக்காரராகப் பல முறை வென்ற அதே பட்டத்தைப் பயிற்சியாளராகவும் வாங்கிக்கொடுத்த மனிதரிடம் இன்னும் என்னதான் கேட்கிறீர்கள்?

அந்த அணியில் யார் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். எர்ன்ஸ்ட் ஹாப்பல். பின்னாளில் 1970-இல் ஃபெயனூர்டுக்கும் 1983-இல் ஹாம்பர்குக்கும் ஐரோப்பியக் கோப்பை வாங்கிக்கொடுத்த பயிற்சியாளர், 1978-இல் நெதர்லாந்தை உலகக் கோப்பை இறுதிக்குக் கொண்டுபோனவர். வியன்னாவின் பெரிய மைதானம் இன்று அவர் பெயரில் இருக்கிறது. மாக்ஸ் மெர்கெல். பின்னாளில் பயிற்சியாளராக, 1966-இல் '1860 மியூனிக்' என்ற அணிக்கும் 1968-இல் நியூரம்பர்க் அணிக்கும் என்று இரண்டு ஜெர்மன் பட்டங்கள். இவர்களை உருவாக்கியவர் உரிடில் என்று சொல்லவரவில்லை, ஒரே சீசன்தான். ஆனால் பெரிய ஆட்டக்காரர்கள் நல்ல பயிற்சியாளர்கள் ஆவதில்லை என்ற உங்கள் கேள்வி ராபிட்டின் அந்த உடைமாற்றும் அறைக்குள் நுழையவே முடியாது. பயிற்சியாளரின் வேலை அடுத்தவன் காலில் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதனால் அவர் பெயரில் யாரும் பாட்டுப் போடுவதில்லை, நாமும் அவர் காணாமல்போனதாக எழுதிவிடுகிறோம்.

அந்த சீசன் முடிந்த கையோடு, 1954 ஜூன் 26, சுவிட்சர்லாந்தின் லோசான். உலகக் கோப்பைக் காலிறுதி, கொளுத்தும் வெயில். தேசிய அணியின் பயிற்சியாளர் வால்டர் நவுஷ், உரிடில் அல்ல. ஆனால் ஹாப்பல், ஹனாப்பி, கோர்னர் சகோதரர்கள், ப்ராப்ஸ்ட் எல்லாம் ராபிட் ஆட்கள். இருபது நிமிடத்துக்குள் சுவிட்சர்லாந்து 3–0. ஆஸ்திரியக் கோல்கீப்பர் வெயில் தாக்கித் தள்ளாடுகிறார். ஆட்டம் முடியும்போது ஆஸ்திரியா 7, சுவிட்சர்லாந்து 5.

ஏழாவது கோலை அடித்தவர் எரிக் ப்ராப்ஸ்ட், 76ஆவது நிமிடத்தில். ராபிட்டின் சொந்த மைதானமாக இருந்திருந்தால், கைதட்டல் தொடங்கி அப்போது ஒரு நிமிடம் ஆகியிருக்கும்.