ஓய்வுக்குப் பிறகு எஃப்1 (ஃபார்முலா 1) கார் பந்தயத்துக்குத் திரும்புவது ஏன் அவ்வளவு கஷ்டம்?

கம்பேக் என்றால், பந்தயத்தை விட்டுப் போனவர் மறுபடி அதே மேல்மட்டத்தில் இடம் பிடித்து ஓட்டுவது. 2010-இல் நம்ம சிங்கப்பூர் மரினா பே இரவுப் பந்தயத்தை வென்ற ஸ்பெயின் ஓட்டுநர் பெர்னாண்டோ அலோன்சோ, 2018 முடிவில் எஃப்1-ஐ விட்டுவிட்டு 2021-இல் அல்பீன் அணியோடு திரும்பினார். தொடக்கத்தில் தடுமாறினார், உண்மைதான். ஆனால் திறமை எங்கும் போகவில்லை. கார் புதுசு, பிரேக்கும் ஸ்டீயரிங்கும் இன்னும் பழகவில்லை, அதோடு வளைவுகளில் தலையே பல மடங்கு கனத்து இழுக்கும், அதைத் தாங்கும் கழுத்து வலு ஓட்டி ஓட்டித்தான் முழுசாக வரும். வேறொருவர் வீட்டு அடுப்படியில் சமைப்பது மாதிரி: கைப்பக்குவம் அப்படியே இருக்கும், உப்பு டப்பாவைத்தான் தேடணும். அந்த வருஷமே கத்தாரில் மூன்றாவதாக வந்தார், 2014-க்குப் பிறகு அவருடைய முதல் போடியம் (முதல் மூன்று பேர் ஏறும் மேடை)!

அப்புறம், இடையில் அவர் சும்மா உட்கார்ந்திருந்தார் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு: 2019-இல் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தை வென்றார், 2020-இல் டக்கார் ராலியில் சவூதி மணலில் ஓட்டினார்.