வாசகர் கேள்வி - பதில்: ஆண்டனி பேசிய இலக்கணம்

கேள்வி: என் மகள் ஐ.சி.எஸ்.இ. பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலத்தில் ஒரு பீரியட் இலக்கண ரிவிஷன், அடுத்த பீரியட் ஷேக்ஸ்பியரின் ‘ஜூலியஸ் சீசர்’ நாடகம். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் (ஒருவர் சொன்னதை இன்னொருவர் எடுத்துச் சொல்லும் அயற்கூற்று) எப்போதும் மார்க் போகிறது. நாடகத்துக்குக் கைடில் உள்ள விளக்கத்தை அப்படியே மனப்பாடம் செய்கிறாள். இரண்டையும் எப்படிச் சமாளிப்பது?
- ஒரு வாசகி, கோவை

பதில்: தேர்வில் மொழித் தாள் தனி, இலக்கியத் தாள் தனி. அதனால் படிப்பையும் பிள்ளைகள் இரண்டாகப் பிரித்துவிடுகிறார்கள். வீட்டிலாவது பிரிக்காதீர்கள். கைடை மூடச் சொல்லிவிட்டு மூன்றாம் அங்கம், இரண்டாம் காட்சியை எடுக்கச் சொல்லுங்கள். கொலையான சீசரின் சடலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவருடைய நண்பன் ஆண்டனி ஊர் மக்களிடம் பேசும் இடம் அது. ரிப்போர்ட்டட் ஸ்பீச் எதற்கு என்று புரிய வைக்க அதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கொன்றவர்களைக் குறை சொல்லக் கூடாது, சீசரைப் பற்றி நல்லதாக எவ்வளவு வேண்டுமானாலும் பேசிக்கொள், ஆனால் எங்கள் அனுமதியோடுதான் பேசுவதாகவும் சொல்லிவிடு என்று, கொன்றவர்களில் ஒருவனான புரூட்டஸ் முந்தின காட்சியிலேயே ஆண்டனிக்குக் கட்டுப்பாடு போட்டுவிடுகிறான். இப்போது ஆண்டனி என்ன செய்வான்? சீசருக்குப் பதவி ஆசை இல்லை என்று அடித்துச் சொல்வதில்லை. ‘பட் புரூட்டஸ் ஸேஸ் ஹி வாஸ் ஆம்பிஷஸ்’ என்கிறான். சொன்னது புரூட்டஸ், நான் இல்லை! கூடவே புரூட்டஸ் கண்ணியமானவர் என்று ஒரு வரி. இதையே திரும்பத் திரும்பச் சொல்லி, நடுநடுவே ஒவ்வொன்றாக இறக்குகிறான்: கைதிகளின் மீட்புப் பணம் பொதுக் கஜானாவுக்குத்தான் போனது, ஏழைகள் அழுதால் சீசரும் அழுதார், மூன்று முறை நீட்டிய மகுடத்தை மூன்று முறையும் மறுத்தார். நாலு தடவை கேட்டதும் ‘புரூட்டஸ் சொல்கிறார்’ என்பது ‘அது அவர் சொல்வது, நிஜம் இல்லை’ என்று கூட்டத்தின் காதில் விழ ஆரம்பிக்கிறது.

அப்புறம் இஃப் கிளாஸுக்கு, அதாவது ‘இப்படி இருந்தால்’ என்று நிபந்தனை போடும் வாக்கியத்துக்கு வருகிறான். உங்களைக் கலகத்துக்குத் தூண்ட நினைத்தேன் என்றால் புரூட்டஸுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன் என்கிறான். காட்சியின் பின்பாதியில் ‘வேர் ஐ புரூட்டஸ்’ என்று தொடங்கி, நான் மட்டும் புரூட்டஸைப் போலப் பேசத் தெரிந்தவனாக இருந்திருந்தால் ரோமாபுரியின் கற்களையே கலகத்துக்கு எழுப்பியிருப்பேன் என்கிறான். நடக்காததைச் சொல்லும் வாக்கியம்தான் இலக்கணப்படி. கூட்டம் உடனே கொடுக்கும் பதில்: ‘வீ வில் மியூட்டினி’, நாங்கள் கலகம் செய்வோம். அவன் கற்பனையாகச் சொன்னதை அவர்கள் நிஜமாகச் செய்யக் கிளம்பிவிட்டார்கள். பேச்சின் தொடக்கத்தில், போட்ட கட்டுப்பாட்டை ஆண்டனி மேலோட்டமாக மீறியதாகத் தெரியாது.

பயிற்சிக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கூட்டத்தில் நின்ற ஒருவன் வீட்டுக்குப் போய், ஆண்டனி என்ன சொன்னான் என்று மனைவியிடம் சொல்வதுபோல ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். காலமும் பிரதிப்பெயரும் எங்கே மாறுகின்றன என்று எழுதும்போதே தெரிந்துவிடும். அப்புறம் ‘வேர் ஐ புரூட்டஸ்’ வரியை ‘இஃப்’ போட்டு எழுதட்டும். மொழித் தாளில் வாக்கியத்தை மாற்றி எழுதச் சொல்லி வருவதும் இதே வேலைதான்.

கேள்வி: சீசர் உடம்பில் புரூட்டஸ் குத்திய காயத்தைக் காட்டி ‘தி மோஸ்ட் அன்கைண்டஸ்ட் கட்’ (மிகமிக இரக்கமற்ற குத்து) என்கிறான் ஆண்டனி. ‘மோஸ்ட்’ போட்டால் ‘எஸ்ட்’ வராது என்று எங்கள் மிஸ் சொல்கிறார். ஷேக்ஸ்பியர் தப்பு செய்தாரா?
- ஒரு மாணவர், மதுரை

பதில்: தப்பு இல்லை, தம்பி. அவர் இந்த நாடகத்தை எழுதிய 1599 வாக்கில் அழுத்தம் கொடுக்க இரண்டையும் சேர்த்துப் போடுவது வழக்கத்தில் இருந்தது. பிறகுதான் இலக்கணக்காரர்கள் அதை விலக்கினார்கள். 1762-ல் வந்த ராபர்ட் லோத்தின் ஆங்கில இலக்கண நூல் இப்படி இரண்டையும் சேர்ப்பது கூடாது என்கிறது. உங்கள் மிஸ் சொல்வதுதான் இன்றைய விதி, தேர்வில் அதன்படியே எழுதுங்கள். நாடகத்தை மேற்கோள் காட்டும்போது மட்டும் திருத்திவிடாதீர்கள், மார்க் போய்விடும்.

கேள்வி: தேர்வுக்குக் கொஞ்ச நாள்தான் இருக்கிறது. நாடகத்தில் எந்தக் காட்சிகளை விடாமல் படிக்க வேண்டும்?
- ஒரு மாணவி, திருச்சி

பதில்: முழுசாக ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள், ஷேக்ஸ்பியர் நாடகங்களில் இது சிறியவற்றில் ஒன்றுதான். திரும்பப் படிக்க: முதல் அங்கம் இரண்டாம் காட்சி, இரண்டாம் அங்கம் முதல் காட்சி, மூன்றாம் அங்கத்தின் முதல் இரண்டு காட்சிகள், புரூட்டஸும் கொலையில் கூட்டாளியான காஸியஸும் சண்டை போடும் நான்காம் அங்கம் மூன்றாம் காட்சி. இரண்டாம் அங்கத்தில் புரூட்டஸ் தோட்டத்தில் தனியே பேசும்போது ‘மே’, ‘மைட்’ எத்தனை வருகிறது என்று பென்சிலால் வட்டம் போடுங்கள். மகுடம் சூட்டினால் சீசர் மாறிவிடலாம் என்கிறான், மாறிவிட்டான் என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. அந்த ‘லாம்’ ஒன்றை வைத்துத்தான் நண்பனைக் கொல்ல முடிவெடுக்கிறான். புரூட்டஸ் நல்லவனா என்று கேள்வி வந்தால் அந்த வட்டங்களிலிருந்து பதிலைத் தொடங்குங்கள்.