பாங்காக் போக 75,000 ரூபாய் கடன் வாங்கலாமா?

கேள்வி: வயது 29. கோவையில் வேலை, கைக்கு வரும் சம்பளம் 46,000 ரூபாய். வரும் ஜனவரி இரண்டாம் வாரம் நண்பர்கள் மூன்று பேர் பாங்காக், பட்டாயா போகிறோம். ஆறு நாள், ஐந்து இரவு. கோயில், அரண்மனை, கடற்கரை எல்லாம் பார்க்க வேண்டும். இரவு வாழ்க்கையையும் விடுவதாக இல்லை. வங்கி ஆப்பில் 75,000 ரூபாய் பயணக் கடன் ‘ரெடி’ என்று காட்டுகிறது. 1,10,000 ரூபாய் எஃப்.டி.யும் ஒரு கிரெடிட் கார்டும் இருக்கின்றன. கடன் வாங்கலாமா, எஃப்.டி.யை உடைக்கலாமா? பணத்தை ரொக்கமாகக் கொண்டுபோவதா, வெளிநாட்டுப் பணத்தை முன்பே ஏற்றிக்கொள்ளும் ஃபாரெக்ஸ் கார்டா? மொத்தம் எவ்வளவு ஆகும்?

பதில்: கடன் வேண்டாம். எஃப்.டி.யையும் தொடாதீர்கள், உங்கள் சம்பளத்துக்கு அது மூன்று மாத அவசரச் செலவுக்குத்தான் காணும். பயணத்துக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. மாதம் 10,000 ரூபாய் ஒதுக்கினால் டிசம்பர் முடிவில் 70,000 கையில் நிற்கும். இதற்கு ஆர்.டி. (மாதாந்திரத் தொடர் வைப்பு) போடச் சொல்லமாட்டேன். அக்டோபரிலேயே விமான டிக்கெட் எடுக்க வேண்டியிருக்கும், அப்போது பணம் பூட்டிக் கிடக்கக் கூடாது. யுபிஐ இணைக்காத தனி சேமிப்புக் கணக்கு ஒன்று போதும். சம்பளம் வந்த மறுநாளே பணம் அங்கே போகும்படி தானியங்கி உத்தரவு கொடுத்துவிடுங்கள்.

அந்தக் கடனின் விலையையும் பார்த்துவிடுவோம். 16 சதவீத வட்டி, 12 மாதம் என்றால் தவணை சுமார் 6,805 ரூபாய். வட்டி மட்டும் 6,650 ரூபாயைத் தாண்டும். 2 சதவீதப் பரிசீலனைக் கட்டணமும் அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும் சேர்ந்து 1,770. ஆக 8,400 ரூபாய்க்கு மேல். கீழே வரும் கணக்கில் உங்கள் பங்குக்கான ஐந்து இரவு அறை வாடகையும் இதே தொகைதான். திரும்பி வந்த பிறகும் ஓராண்டு தவணை கட்டிக்கொண்டிருப்பீர்கள்.

இனி செலவு. தாய்லாந்தின் நாணயம் பாட். 1 பாட் = 2.80 ரூபாய் என்று வைத்துக் கணக்கிடுகிறேன். கிளம்பும் வாரத்து விலையைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள். மூவர் தங்கும் சுமாரான அறையில் ஆளுக்கு இரவுக்கு 600 பாட், ஐந்து இரவுக்கு 3,000. தெருவோரக் கடைகளிலும் மால்களின் ஃபுட் கோர்ட்டிலும் சாப்பிட்டால் நாளுக்கு 450 வீதம் 2,700. போக்குவரத்து 1,300. நுழைவுச் சீட்டு, படகு 1,800. மூன்று ராத்திரிக்கு ஆயிரம் ஆயிரமாக 3,000. சிம் கார்டு 400. மொத்தம் 12,200 பாட், அதாவது 34,160 ரூபாய். பெட்டிச் சுமையோடு டிக்கெட் 20,000, காப்பீடு சுமார் 600 சேர்த்தால் 55,000-ஐ ஒட்டி நிற்கும். மீதி 15,000-இல் 5,000 சாமான் வாங்க, 10,000 கைக்காவலுக்கு. டிக்கெட் விலை பார்க்கும்போது பெட்டிக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள்: மலிவு விமானங்களில் கைப்பை 7 கிலோதான், கவுன்டரில் போய் எடை வாங்கினால் மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

பணம் கசிவதெல்லாம் பெரும்பாலும் நாணய மாற்றில்தான். சாதாரண கிரெடிட் கார்டை அங்கே தேய்த்தால் 3.5 சதவீத மார்க்கப் (நாணய மாற்றுக்கு வங்கி போடும் கூடுதல் கட்டணம்), அதன்மேல் ஜிஎஸ்டி சேர்த்து 4.13 சதவீதம். ஃபாரெக்ஸ் கார்டில் இது இல்லை என்பார்கள். அது பாட்டையே ஏற்றியிருந்தால்தான் உண்மை. டாலரை ஏற்றிக்கொண்டு பாட்டில் செலவழித்தால் பல கார்டுகளில் ‘கிராஸ் கரன்சி’ கட்டணம் வரும், சிலவற்றில் 3.5 சதவீதம் வரை. அப்புறம் ஃபாரெக்ஸ் கார்டு எதற்கு?

தாய்லாந்து ஏடிஎம்களில் வெளிநாட்டு கார்டுக்கு ஒவ்வொரு முறையும் பெரும்பாலும் 220 பாட் அல்லது அதற்கு மேல் பிடிப்பார்கள். உங்கள் வங்கிக் கட்டணம் தனி. 2,000 பாட் எடுத்தால் 220 என்பது 11 சதவீதம், சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம் கதைதான். 10,000 எடுத்தால் 2.2 சதவீதம். எடுத்தால் ஒரே தடவை, பெரிய தொகை. கிரெடிட் கார்டில் மட்டும் ரொக்கம் எடுக்காதீர்கள். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

ஏடிஎம் திரையிலும் கடை மெஷினிலும் ‘ரூபாயில் கழிக்கட்டுமா, பாட்டிலா?’ என்று கேட்கும். எப்போதும் பாட். ரூபாயைத் தொட்டால் அந்த மெஷின்காரர் வைத்த விலைக்கு மாற்றுவார். அது போதாதென்று சில இந்திய வங்கிகள் தனிக் கட்டணமும் போடுகின்றன. ஏடிஎம்மில் இது ‘கன்வர்ஷனோடு’, ‘கன்வர்ஷன் இல்லாமல்’ என்று வரும். ‘இல்லாமல்’ என்பதை அழுத்துங்கள். பயந்து ரத்துசெய்ய வேண்டாம், பணம் வரும்.

ரொக்கத்தைப் பொறுத்தவரை இந்திய ரூபாயைக் கட்டிக்கொண்டு போய் அங்கே மாற்றுவது மோசமான வழி. நல்ல விலை கிடைக்காது. இங்கேயே பாட் வாங்கலாம், அல்லது டாலர் வாங்கி அங்கே மாற்றலாம். எது லாபம் என்பது அன்றைய விலையைப் பொறுத்தது. கோவையில் இரண்டு மூன்று நாணய மாற்று நிறுவனங்களிடம் ‘ரேட் என்ன’ என்று கேட்காமல், ‘இருபதாயிரம் ரூபாய்க்கு எல்லாக் கட்டணமும் போக எத்தனை பாட், எத்தனை டாலர் கையில் தருவீர்கள்’ என்று கேளுங்கள். டாலர் எண்ணிக்கையை பாங்காக் நாணய மாற்று நிறுவனங்களின் இணைய விலையால் பெருக்கினால் விடை தெரிந்துவிடும். டாலர் என்றால் மடிப்பில்லாத 100 டாலர் தாள்கள். சிறிய தாள்களுக்கு அங்கே விலை குறைவு. ஜிஎஸ்டி ஒரு லட்சம் வரையிலான மாற்றுக்குக் குறைந்தது 45 ரூபாய், அதிகபட்சம் 180, ஆகவே அதை எண்ணிக் கவலைப்பட ஒன்றுமில்லை. பான் கார்டு, பாஸ்போர்ட் நகல் கொண்டுபோங்கள்.

சுவர்ணபூமி விமான நிலையத்தில் வருகைக் கூடத்துக் கவுன்டர்களில் மாற்றாதீர்கள். கீழ்த்தளத்தில் ரயில் நிலையத்தை ஒட்டியிருக்கும் சூப்பர் ரிச் போன்ற கடைகளில் விலை நகரத்தில் கிடைப்பதற்குப் பக்கத்தில் இருக்கும். அங்கிருந்தே நகரத்துக்குள் இருக்கும் பாயா தாய் நிலையம் வரை ரயில் 45 பாட். நள்ளிரவோடு ரயில் நின்றுவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு இறங்கும் விமானம் என்றால் டாக்சிதான்: மீட்டர் கட்டணம், விமான நிலையக் கூடுதல் 50 பாட், சுங்கச்சாவடி தனி. டிக்கெட்டில் மிச்சம் பிடித்தது இதில் போய்விடும்.

என் பங்கீடு இதுதான்: ஆளுக்கு 8,000 பாட் மதிப்புக்கு ரொக்கம், ஓட்டலுக்குக் கிரெடிட் கார்டு, அவசரத்துக்குக் கொஞ்சம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு. ஓட்டலில் முன்பணத்தை ஃபாரெக்ஸ் அல்லது டெபிட் கார்டில் ‘பிளாக்’ செய்தால் உங்கள் சொந்தப் பணம் பல நாள் முடங்கும். கிரெடிட் கார்டில் வரம்பு மட்டும்தான் குறையும். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை ஆப்பில் இயக்கிவிட்டுக் கிளம்புங்கள். யுபிஐயை நம்பாதீர்கள்; கடைகளில் தொங்கும் கியூஆர் அந்நாட்டு வங்கிக் கணக்குகளுக்கானது.

சுற்றிப் பார்ப்பதில் பெரிய செலவு அரண்மனைக்கு 500 பாட். வாட் போ கோயில் 300, வாட் அருண் கோயில் 200. தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். மறந்தால் வாசலில் துணி வாங்கும் செலவு. ‘இன்று அரண்மனை மூடல், 20 பாட்டுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன்’ என்று ஒரு டுக்-டுக்காரர் வருவார். அது ரத்தினக் கடையில் போய் முடியும். நேரே டிக்கெட் கவுன்டருக்கு நடங்கள். சாவ் பிரயா ஆற்றில் சுற்றுலாப் படகைவிட ஆரஞ்சுக் கொடி கட்டிய படகு மலிவு. பட்டாயாவில் ஷேர் வண்டியில் விலை கேட்காமல் ஏறி, மணியடித்து இறங்கிச் சில்லறை கொடுங்கள். விலை கேட்டால் தனி வாடகை என்று எடுத்துக்கொண்டு நூற்றுக்கணக்கில் சொல்வார்கள்.

இரவு வாழ்க்கைக்கு ஒதுக்கிய ஆயிரத்தை மட்டும் பையில் வைத்துக்கொண்டு, கார்டுகளை அறையில் பூட்டிவிடுங்கள். பாங்காக்கின் பட்போங்கிலும் பட்டாயாவின் வாக்கிங் ஸ்ட்ரீட்டிலும் ‘உள்ளே போக இலவசம், பீர் 100 பாட்’ என்று அட்டை காட்டி மாடிக்கு அழைப்பவர்கள் பின்னால் போகாதீர்கள். இறங்கும்போது பில் ஆயிரங்களில் வரும், வாசலில் ஆள் நிற்பார். தரைத்தளத்தில், விலைப்பட்டியல் மேசையில் இருக்கும் பார்களில் உட்காருங்கள். பில் சீட்டுகளை முன்னால் ஒரு குவளையில் போட்டு வைப்பார்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் எண்ணிப் பாருங்கள். மொட்டைமாடி பார்களின் பட்டியலில் விலைக்குப் பக்கத்தில் இரண்டு கூட்டல் குறி இருந்தால் 10 சதவீத சேவைக் கட்டணமும் அதன்மேல் 7 சதவீத மதிப்புக் கூட்டு வரியும் வரும்: 400 பாட் காக்டெயில் 471 ஆகும். மின்சிகரெட் அங்கே சட்டவிரோதம். அபராதத்துக்கு என் கணக்கில் இடமில்லை.

காப்பீட்டில் ஒரு விஷயம். பட்டாயாவில் பைக் வாடகைக்குக் கேட்பீர்கள், தருவார்கள், பாஸ்போர்ட்டைப் பிணையாகக் கேட்பார்கள். கொடுக்காதீர்கள். சர்வதேச ஓட்டுநர் அனுமதி இல்லாமல் விழுந்தாலோ, குடித்துவிட்டு விழுந்தாலோ, பயணக் காப்பீடு மருத்துவச் செலவைத் தர மறுக்கலாம். உங்கள் எஃப்.டி. மொத்தமும் கரைய ஒரு எலும்பு முறிவு போதும். அந்த அனுமதியை கிளம்பும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் வாங்கலாம். இல்லையென்றால் பைக்கே வேண்டாம்.

தாய்லாந்தின் டிஜிட்டல் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். கட்டணம் கிடையாது, பணம் கேட்கும் தளம் குடிவரவுத் துறையுடையது அல்ல. திரும்பும் டிக்கெட், ஓட்டல் பதிவு, 20,000 பாட் அளவுக்குப் பணம் இருப்பதற்கான ஆதாரம் மூன்றையும் கேட்டால் காட்டத் தயாராக வையுங்கள். ஏஜென்ட் மூலம் பேக்கேஜ் எடுத்தால் டி.சி.எஸ். (விற்பவரே முன்கூட்டி வசூலிக்கும் வரி) பிடிப்பார்கள், அது வருமான வரிக் கணக்கில் திரும்பக் கேட்கக்கூடிய பணம், வருமான வரித் தளத்தில் உங்கள் பெயரில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

திரும்பும்போது மிஞ்சும் நாணயங்களை யாரும் மாற்றித் தரமாட்டார்கள். கடைசி நாள் தண்ணீர் பாட்டிலுக்கும் பேருந்துக்கும் அவற்றையே கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ஊர் வந்ததும் கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்துவிட்டு, ஃபாரெக்ஸ் கார்டில் மிச்சம் இருந்தால் அந்த வாரமே திரும்பக் கேளுங்கள்.