முள்ளின் பொழிப்புரை

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலேய ஓவியர் கிரஹாம் சதர்லாந்து 1954-இல் வரைந்த சர்ச்சில் உருவப்படத்தை அவருடைய குடும்பத்தாரே அழித்துவிட்டதாகப் படித்து, அந்த ஓவியரின் பிற படங்களைத் தேடிப் பார்த்தேன். குண்டுவீச்சில் சிதைந்த லண்டன் தெருக்களை அத்தனை தெளிவாக வரைந்தவர், போருக்குப் பின் வேரா எலும்பா என்று தெரியாத வடிவங்களுக்குள் போய்விட்டார். உலகைப் பார்க்க அஞ்சி அரூபத்துக்குள் ஒளிந்துகொண்டாரா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

சர்ச்சில் படத்தை விட்டுவிடுவோம். ஒரு படத்துக்கு நேர்ந்த கதியிலிருந்து அதை வரைந்தவரின் கலையைப் பற்றி எதுவும் தெரியவராது.

சில வாரங்களாகச் சதர்லாந்தின் முட்செடி ஓவியங்களையே நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் 'ஒளிந்துகொண்டாரா' என்ற உங்கள் சொல் என்னை இவ்வளவு வருத்தியது. தேடிப் போய்ப் பார்த்திருக்கிறீர்கள், அது எனக்கு மகிழ்ச்சி. ஆனால் பார்த்து முடிப்பதற்குள் தீர்ப்பையும் எழுதிவிட்டீர்கள், அது தவறு.

1944-இல் இங்கிலாந்தின் நார்தாம்டன் நகரின் புனித மத்தேயு தேவாலயத்துக்கு ஓர் ஓவியம் வேண்டுமென்று வால்டர் ஹஸ்ஸி என்ற பாதிரியார் சதர்லாந்திடம் கேட்டார். சிலுவைப்பாட்டை எப்படி வரைவது என்ற சிந்தனையோடு நாட்டுப்புறத்தில் நடந்தபோதுதான் முட்புதர்கள் அவர் கண்ணை நிறுத்தின. கிளைகள் வெற்றிடத்தைக் குத்தி நிற்கும் விதத்தை வரைய வரைய, அவை செடியாகவும் இருந்தன, முள்முடி சூடிய தலையாகவும் ஆயின. இதைக் குறிக்க அவர் ஆண்ட 'பாராஃபிரேஸ்' (paraphrase) என்ற சொல்லை நம் உரையாசிரியர்களின் மொழிக்குக் கொண்டுவந்தால் பொழிப்புரை என்றுதான் சொல்ல வேண்டும். பொழிப்புரை எழுதுபவர் பாட்டை விட்டு ஓடுவதில்லையே!

நம்மைக் கெடுப்பது 'அரூபம்' என்ற சொல் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன். உருவம் இல்லாதது என்று பொருள்படும் அச்சொல்லை, நமக்குப் பெயர் தெரியாத எல்லா உருவங்களின் மீதும் ஒட்டிவிடுகிறோம். சதர்லாந்து 1950-ஐ ஒட்டி வரைந்த 'நிற்கும் வடிவங்கள்' வரிசையில் வேரும் மொட்டும் விதையுறையும் கலந்த ஒன்று, வேலியின் முன்னால், ஒரு மனிதர் படம் வரையக் கொடுத்து நிற்பதைப் போலவே நிற்கிறது. அதற்கு எடை உண்டு, நிழல் உண்டு, வளர்ந்த வரலாறு உண்டு. இல்லாதது பெயர் மட்டுமே. இளவயதில் நூலகமொன்றில், கறுப்பு வெள்ளை அச்சில் அவருடைய முள்மரம் ஒன்றைக் கண்டபோது, அதை விலங்கின் எலும்புக்கூடு என்றே எண்ணி நெடுநேரம் பார்த்திருந்தேன். மரம் என்று தெரிந்த பின்னும் அந்த விலங்கு என் கண்ணைவிட்டுப் போகவில்லை. உருவமற்ற எதுவும் ஒருவரை அப்படிப் பற்றிக்கொள்ளாது.

அஞ்சி ஒளிந்தவர், அதே காலத்தில், 1949-இல், எழுத்தாளர் சாமர்செட் மாமின் முகத்தை ஒவ்வொரு சுருக்கத்தோடும் வரைந்திருப்பாரா? நாஜி வதைமுகாம்களில் மாண்டவர்களின் புகைப்படங்களைப் பார்த்துவிட்டு, 1946-இல் முடித்த அந்த நார்தாம்டன் சிலுவைப்பாட்டில் அந்த உடல்களைக் கொண்டுவந்திருப்பாரா?

எஸ்., முட்செடிப் படங்களை ஒரு மாலை முழுவதும் பாருங்கள். அதற்குப் பிறகு நார்தாம்டன் ஓவியத்துக்குச் சென்று, கிறிஸ்துவின் விரல்கள் விறைத்து நிற்கும் விதத்தைப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.