பூசணி விதை முளைக்காமல் அழுகுவது ஏன்?

கேள்வி: நாங்கள் நுவரெலியாவை அடுத்த கந்தப்பளைப் பக்கம் இருக்கிறோம். சந்தையில் வாங்கிய பூசணிக்காயின் விதையை இரண்டு நாள் தண்ணீரில் ஊறப்போட்டு, யோகட் கப்பில் மண் நிரப்பி நட்டு, ஜன்னலோரம் வைத்தோம். பத்தில் எட்டு அழுகிவிட்டது. முளைத்த இரண்டும் வெளிறிப்போய், நூல் மாதிரி நீண்டு, விதை ஓட்டைத் தலையில் சுமந்துகொண்டு நிற்கின்றன. எங்கே பிழை விட்டோம்?

பதில்: முதல் குற்றவாளி குளிர். பூசணி, சுகினி, பட்டர்நட் எல்லாமே சூடு கேட்கும் சாதி. மண் 25 முதல் 32 பாகை செல்சியஸ் வரை இருந்தால் ஐந்தாறு நாளில் முளை தெரியும். 20 பாகையில் பத்து நாளுக்கு மேலும் இழுக்கும். 15 பாகைக்குக் கீழே முளைப்பது அபூர்வம். நுவரெலியாவின் ஆண்டுச் சராசரியே 16 பாகை அளவுதான். ஜன்னலோரத்துக் கப்பில் இருக்கும் ஈரமண் இரவில் அதற்கும் கீழே போய்விடும். விதை தண்ணீரைக் குடித்து ஊதிவிடுகிறது, ஆனால் வளரச் சூடு கிடைப்பதில்லை. உள்ளே இருக்கும் சீனிச்சத்து வெளியே கசிய, மண்ணில் இருக்கும் பூஞ்சணம் அதைத் தின்ன வந்துவிடுகிறது. நீங்கள் தோண்டிப் பார்த்தபோது விதை கொழகொழவென்று நசுங்கியிருந்தால் நடந்தது இதுதான்.

இரண்டு நாள் ஊறப்போட்டதும் கூடாது. தண்ணீருக்குள் மூழ்கிக் கிடக்கும் விதைக்கு மூச்சு முட்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் 6 முதல் 8 மணி நேரம் போதும். பீலித் தண்ணீரை அப்படியே ஊற்றாதீர்கள், அது ஐஸ் மாதிரி இருக்கும்.

ஊறப்போடும் முன் விதையைச் சோதியுங்கள். சந்தைக் காய் நன்றாக முற்றியிருக்க வேண்டும். நகத்தால் கீறினால் தோல் கீறுப்படக் கூடாது. விதையை நார் போகக் கழுவி, நிழலில் ஒரு வாரம் காயவையுங்கள். வளைத்தால் வளையாமல் பட்டென்று ஒடிந்தால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். இரண்டு விரலால் அமுக்கும்போது சப்பையாக இருப்பதைக் கழித்துவிடுங்கள். சந்தைக் காய் கலப்பின (ஹைபிரிட்) ரகமாக இருந்தால் அதன் விதையில் தாய்க்காய் போலவே காய்க்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதில் கவலை இருந்தால் பைக்கற் விதை வாங்குவதே மேல்.

இனிச் சூட்டுக்கு வழி. மீன் வரும் ரெஜிபோம் (தெர்மோகோல்) பெட்டி ஒன்று கிடைத்தால் அதைவிடச் சிறந்தது இல்லை. 1.5 லீற்றர் சோடாப் போத்தலில் கை பொறுக்கும் சூட்டில் தண்ணீர் நிரப்பி, துணி சுற்றி உள்ளே படுக்கவையுங்கள். கொதிதண்ணீர் வேண்டாம், போத்தல் சுருங்கிவிடும். டிசுவை நனைத்து, சொட்டு விழாதபடி பிழிந்து, விதைகள் ஒன்றையொன்று தொடாமல் பரப்பி, மடித்துப் பொலித்தீன் பைக்குள் போட்டு, வாயைக் கொஞ்சம் திறந்தபடி போத்தலின் பக்கத்தில் வையுங்கள். காலை, மாலை, படுக்கப் போகும் நேரம் என்று மூன்று முறை தண்ணீரை மாற்றினால் போதும். காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் கருவி வீட்டில் இருந்தால் பையோடு ஒட்டிவைத்துப் பாருங்கள். அவற்றில் பெரும்பாலானவை 32 பாகைக்குக் கீழே எண் காட்டாது, ‘லோ’ என்றே காட்டும். 38, 39 என்று ஏறினால் போத்தலைத் தள்ளிவையுங்கள். விறகு அடுப்புக்கு நேர் மேலே உள்ள தட்டு பலருக்கும் தோன்றும் இடம்; சமையல் நேரத்தில் அங்கே விதை வெந்துவிடும், இரவில் குளிர்ந்துவிடும். அடுப்பின் பக்கச்சுவர் பரவாயில்லை.

மூன்றாம் நாளிலிருந்து தினமும் பிரித்துப் பாருங்கள். கூரான முனையில் வெள்ளையாக வேர் எட்டிப்பார்த்து ஒரு சென்ரிமீற்றர் ஆனதும் நட்டுவிட வேண்டும். அதற்கு மேல் விட்டால் வேர் டிசுவுக்குள் புகுந்துவிடும். அப்படிப் புகுந்திருந்தால் இழுக்காமல் டிசுவோடு கிழித்து நடுங்கள், வேர்நுனி ஒடிந்தால் செடி தேறாது. யோகட் கப் சிறியது. பழைய பேப்பரை 10 சென்ரிமீற்றர் உயரக் கப்பாகச் சுருட்டி, தும்புத்தூளும் நன்றாக மக்கிய கொம்போஸ்டும் சரிபாதி கலந்து நிரப்புங்கள். பூசணி வேரைக் கலைத்தால் அதற்குப் பிடிக்காது. பேப்பரோடு அப்படியே தரையில் வைத்துவிடலாம்.

ஆழம் 2 முதல் 2.5 சென்ரிமீற்றர், வேர் கீழ்நோக்கி. ஓடு தலையில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் அநேகமாக மேலாக நட்டதுதான். முளையின் அடியில் சின்னக் கொக்கி மாதிரி ஒரு புடைப்பு உண்டு. தண்டு மேலே எழும்பும்போது அது ஓட்டைப் பிடித்துக் கீழே நிறுத்துகிறது, மேலே மண்ணின் பாரமும் சேர்ந்தால் ஓடு கழன்றுவிடும். இப்போது நிற்கும் இரண்டுக்கும் ஓட்டின் மேல் ஈரப் பஞ்சை அரைமணி நேரம் வைத்து, இளகிய பிறகு மெதுவாகப் பக்கவாட்டில் விரித்து எடுங்கள். காய்ந்தபடி பிடுங்கினால் விதையிலையும் சேர்ந்து வரும்.

நட்ட கப்பையும் அதே சூட்டுப் பெட்டிக்குள் வையுங்கள். மண்ணைப் பிளந்துகொண்டு வளைந்த தண்டு தெரிந்த அன்றே சூட்டிலிருந்து எடுத்து வெளிச்சத்துக்கு மாற்றுங்கள். சூடும் இருட்டும் சேர்ந்தால் ஒரே இரவில் தண்டு நூலாக இழுபட்டுவிடும். லயக் காம்பரா ஜன்னல் வெளிச்சம், அதுவும் மிஸ்ட் இறங்கும் நாளில், இதற்குப் பத்தாது. 9 வாற் எல்.ஈ.டி. பல்ப் ஒன்றை இலைக்கு 15 சென்ரிமீற்றர் மேலே தொங்கவிட்டு, தினமும் 14 மணி நேரம் எரியவிடுங்கள். இந்தக் கட்டத்தில் 18 பாகை இருந்தாலும் பரவாயில்லை. மேல்மண் காய்ந்த பிறகே தண்ணீர், அதுவும் காலையில். சதா ஈரமாக வைத்தால் தண்டின் அடி நீர்கோத்து, கறுத்துச் சாய்ந்துவிடும். சாய்ந்ததைக் காப்பாற்ற முடியாது.

விதையிலைக்கு மேலே இரண்டு நிஜ இலை வந்ததும் ஒரு வாரம் பகலில் இஸ்தோப்பில் வைத்து, இரவில் உள்ளே எடுத்துப் பழக்குங்கள். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பனி கொட்டும் பள்ளமான இடங்களில் வெளியே நட வேண்டாம், மார்ச்சில் நடலாம். நட்ட முதல் பத்து நாள் இரவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். மலைநாட்டு ஈரத்தில் ஓடில்லா நத்தை ஒன்று போதும், விடிவதற்குள் மொட்டைத் தண்டுதான் மிஞ்சும். அடியை வெட்டிய பிளாஸ்டிக் போத்தலை நாற்றின் மேல் கவிழ்த்து, இரண்டு விரலளவு மண்ணுக்குள் அமுக்கி, மூடியைக் கழற்றிவிடுங்கள்.