கோ மொழியில் ஸ்லைஸ் வெட்டினால் நினைவகத்தில் என்ன நடக்கிறது? கேள்வி பதில்

கேள்வி: கோ நிரல்மொழி இப்போதுதான் கற்கிறேன். ஒரு ஸ்லைஸின் நடுப்பகுதியை வெட்டி இன்னொரு மாறியில் வைத்தேன். அதில் ஓர் எண்ணை மாற்றினால் பழையதிலும் மாறிவிடுகிறது. கம்பைலரில் பிழையா?

பதில்: இல்லை, மொழியை அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். ஸ்லைஸுக்குள் உங்கள் எண்கள் கிடையாது. அதற்குள் இருப்பவை மூன்றுதான்: அடியில் எண்களை வரிசையாக வைத்திருக்கும் அர்ரேயைச் சுட்டும் பாயின்டர், நீளம், கொள்ளளவு. நிரலில் லென், கேப் என்று கேட்டுப் பார்க்கிறோமே, அவைதான் பின்னிரண்டும். 64 பிட் கணினியில் மொத்தம் 24 பைட். வெட்டும்போது இந்த 24 பைட் மட்டுமே புதிதாக உருவாகும். எண்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். பத்து லட்சம் எண்கள் இருந்தாலும் வெட்டுவது நொடியில் முடிவது இதனால்தான்.

கேள்வி: பைத்தானில் இப்படி ஆகாதே அண்ணா?

பதில்: சாதாரண லிஸ்டில் ஆகாது, வெட்டினால் புது லிஸ்ட் கிடைக்கும். பைத்தானின் கணக்கீட்டு நூலகமான நம்பையின் அர்ரேயை அதேபோல வெட்டிப் பாருங்கள், கோ மாதிரியேதான்.

கேள்வி: வெட்டியதில் அப்பெண்ட் செய்தால் (கடைசியில் எண் சேர்த்தால்) சில நேரம் மூல ஸ்லைஸ் கெடுகிறது, சில நேரம் கெடுவதில்லை. எதை நம்பி எழுதுவது?

பதில்: எல்லாரையும் படுத்தி எடுக்கிற இடம் இது. நீளத்தை விட்டுவிட்டு கேப்பைப் பாருங்கள். மூலத்தில் 10, 20, 30, 40, 50 என ஐந்து எண்கள், கேப்பும் 5 என்று வையுங்கள். [1:3] என்று வெட்டினால் (0-இலிருந்து எண்ணி, 1-ஆம் இடம் முதல் 3-க்கு முன்பு வரை) கையில் 20, 30. நீளம் 2, ஆனால் கேப் 4. வெட்டு தொடங்கிய இடத்திலிருந்து மூலத்தின் கேப் முடியும் வரை கணக்கில் வரும். இப்போது 99-ஐ அப்பெண்ட் செய்தால், இடம்தான் இருக்கிறதே என்று அது 40-இன் மேல் போய் உட்கார்ந்துவிடும். மூலம் 10, 20, 30, 99, 50. ஒரு எச்சரிக்கைகூட வராது.

அதே வெட்டில் ஒரே அழைப்பில் மூன்று எண்களைச் சேர்த்திருந்தால் கதை வேறு. ஐந்து இடம் வேண்டும், இருப்பது நான்கு. ஆகவே ரன்டைம் (நிரல் ஓடும்போது நினைவகத்தைக் கவனிக்கும் பகுதி) புது அர்ரே ஒதுக்கி எல்லாவற்றையும் அங்கே நகலெடுக்கும். மூலத்துக்கு ஒன்றும் ஆகாது, அதன்பிறகு இரண்டுக்கும் தொடர்பும் இல்லை.

தப்பிக்க [1:3:3] என்று எழுதுங்கள். மூன்றாவது எண் கேப்பை 2-ஆகக் கட்டிப்போடும்; அடுத்த அப்பெண்ட் கட்டாயம் புது இடத்துக்குப் போகும். 1.2 பதிப்பிலிருந்தே இருக்கிறது, ஆனாலும் பலர் பயன்படுத்துவதில்லை. ஆனால் அப்பெண்டுக்கு முன்பே உறுப்பை நேரடியாக மாற்றினால் இது காப்பாற்றாது.

கேள்வி: ஃபங்ஷனுக்குள் அப்பெண்ட் செய்தேன், வெளியே நீளம் மாறவில்லை.

பதில்: ஃபங்ஷனுக்குப் போனது அந்த 24 பைட்டின் நகல். புது ஸ்லைஸைத் திருப்பி அனுப்பி, வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: பெரிய கோப்பு ஒன்றை முழுதாகப் படித்து, ஒரு வரியை மட்டும் வெட்டி வைத்திருக்கிறேன். மெமரி குறையவே இல்லை.

பதில்: அந்த ஒரு வரி போதும், முழுக் கோப்பும் விடுதலை ஆகாது. பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர் அர்ரேயில் பாதியை மட்டும் விடுவிக்காது. ஒரு ஸ்லைஸ் எங்கோ சுட்டிக்கொண்டிருந்தாலும் மொத்தமும் தங்கும். வரியை பைட்ஸ் தொகுப்பின் குளோன் மூலம் நகலெடுத்து வையுங்கள், இது 1.20-இல் வந்தது. மற்ற வகைகளுக்கு 1.21-இல் வந்த ஸ்லைஸஸ் தொகுப்பில் குளோன் உண்டு. ஸ்ட்ரிங்கை வெட்டினாலும் இதே சிக்கல்தான்.

கேள்வி: குளோன் செய்தால் முழுப் பாதுகாப்பா?

பதில்: உறுப்புகள் பாயின்டர்களாக இருந்தால் இல்லை. பாயின்டர்தான் நகலாகும், அது சுட்டும் பொருள் பொதுவாகவே இருக்கும்.

கேள்வி: இரண்டு கோரூட்டீன்கள் (ஒரே சமயத்தில் ஓடும் வேலைகள்) ஒரே ஸ்லைஸில் அப்பெண்ட் செய்யலாமா?

பதில்: பூட்டில்லாமல் கூடாது. கேப்பில் இடம் இருந்தால் இரண்டும் ஒரே இடத்தில் எழுதும், ஒன்றின் மதிப்பு காணாமல் போகும். டெஸ்டை, இப்படிப்பட்ட மோதலைக் கண்டுபிடிக்கும் ரேஸ் டிடெக்டரோடு ஓட்டுங்கள். அந்த ஓட்டத்தில் உண்மையில் நடந்த மோதலைத்தான் அது காட்டும்; ஆகவே இரண்டு கோரூட்டீன்களும் ஒரே சமயத்தில் அந்த வரியைத் தொடும்படி ஒரு டெஸ்ட் எழுதிவிட்டு ஓட்டுங்கள்.