சேஸிஸில் மரை போய்விட்டதா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கரடுமுரடான பாதையில் ஓடும் வண்டிகளின் சேஸிஸ் போல்ட்டுகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன். எந்த ரிப்பேர் சரி என்பது இரண்டு விஷயங்களைப் பொறுத்தது. அந்த மரை எத்தனை மில்லிமீட்டர் கனமுள்ள இரும்பில் இருக்கிறது, அந்த போல்ட் எதைத் தாங்குகிறது. இவற்றைப் பார்க்காமல் மரை ரிப்பேர் கிட் வாங்கப் போகாதீர்கள்.

ஸ்கிட் பிளேட் (வண்டியின் அடியைக் காக்கும் தகடு) போல்ட் ஒன்று எவ்வளவு சுற்றினாலும் இறுகவும் இல்லை, கழலவும் இல்லை. மரை போய்விட்டதா?

போயிருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் உண்டு. பெட்டி வடிவச் சேஸிஸின் உள்ளே கை போகாது என்பதால் தயாரிக்கும்போதே உள்பக்கம் நட்டைப் பற்றவைத்துவிடுவார்கள். சேறும் தண்ணீரும் தங்கி, போல்ட்டும் நட்டும் துருவில் ஒட்டிக்கொண்டால், ஸ்பேனரை அழுத்தும்போது போல்ட் கழல்வதற்குப் பதிலாக நட்டின் வெல்டிங் விட்டுப்போகும். அதன்பின் இரண்டும் சேர்ந்தே சுற்றும்.

கண்டுபிடிப்பது எளிது. பிளேட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு நெம்புகோலைச் செருகி, பிளேட்டைக் கீழே தள்ளியபடியே போல்ட்டைக் கழற்றுங்கள். மரை மட்டும் போயிருந்தால் போல்ட் மெல்ல இறங்கி வந்துவிடும். அதன் பள்ளங்களில் சுருள் கம்பி மாதிரி இரும்பு சுற்றிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். அது நட்டின் மரை. நட் சுற்றுகிறது என்றால் போல்ட் கொஞ்சமும் இறங்காது. சேஸிஸில் கை வைத்துப் பார்த்தால் உள்ளே உரசுவது தெரியும்.

நட் சுற்றினால் போல்ட் தலையைக் கிரைண்டரால் எடுத்துவிடுங்கள். மிச்சம் உள்ளே விழும், காந்தத்தால் வெளியே எடுத்துவிடலாம். அப்புறம் புது நட்டை உள்ளே கொண்டுபோக வேண்டும். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு பெரிய துளையோ, சேஸிஸின் திறந்த முனையோ இருந்தால் எதையும் வெட்ட வேண்டாம். 5 அல்லது 6 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையில் துளை போட்டு அதன் மேல் நட்டைப் பற்றவையுங்கள். பட்டையின் அகலம் சேஸிஸின் உள் அகலத்தை விடச் சற்றே குறைவாக இருக்கட்டும். இறுக்கும்போது பட்டை பக்கச் சுவர்களில் முட்டி நின்றுகொள்ளும், சுற்றாது. மெல்லிய கம்பி ஒன்றைப் போல்ட் துளை வழியாக உள்ளே விட்டு, பெரிய துளை வழியாக வெளியே எடுத்து, நட்டுக்குள் நுழைத்து முனையை மடக்கிவிடுங்கள். பட்டையை உள்ளே தள்ளிக் கம்பியை இழுத்தால் நட் நேராகத் துளைக்கு மேல் வந்து உட்காரும். போல்ட்டில் இரண்டு மரை பிடிக்கும் வரை கம்பியின் இழுவையை விடாதீர்கள். போல்ட் தடுமனாக இருந்து கம்பியோடு சேர்ந்து நுழையவில்லை என்றால், பட்டையின் ஓரத்தில் சின்னத் துளை போட்டு இன்னொரு கம்பியை வால் மாதிரி கட்டி, பெரிய துளை வழியாக அதைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

வழியே இல்லை என்றால்தான் சுவரில் ஜன்னல் மாதிரி ஒரு துளை வெட்ட வேண்டும். சேஸிஸ் வளையும்போது மேல் முகமும் அடி முகமும்தான் அதிக விசையை வாங்குகின்றன. பக்கச் சுவரின் நடுப்பகுதிக்கு அவ்வளவு சுமை இல்லை. ஆகவே ஜன்னலை அங்கேதான் வெட்ட வேண்டும், அதுவும் வட்டமாக. சதுரமாக வெட்டினால் மூலைகளிலிருந்து விரிசல் கிளம்பும். வேலை முடிந்ததும் அதே கனத் தகட்டால் மூடிப் பற்றவைத்து, உள்ளே துரு தடுக்கும் மெழுகை நீளக் குழாய் வைத்து அடியுங்கள்.

எம்10 (10 மி.மீ. விட்டமுள்ள போல்ட்டுக்கான) ஹெலிகாயில் கிட் வாங்கிவிட்டேன். சேஸிஸில் போடலாமா? தாங்குமா?

ஹெலிகாயில் நல்ல தொழில்நுட்பம். ஸ்டெயின்லெஸ் கம்பிச் சுருள் புது மரையாக நிற்கிறது. சரியாகப் போட்டால், மென்மையான அலுமினியத்தில் அது பழைய மரையை விடவே வலுவாக இருக்கும். ஆனால் அதற்கு ஆழம் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். சேஸிஸ் சுவர் 3 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எம்10 போல்ட்டின் சாதாரண பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 1.5 மி.மீ. அந்தச் சுவரில் கிடைப்பது இரண்டே மரை. எம்10 நட் ஒன்றின் உயரம் 8 மி.மீ.க்கு மேல், அதில் ஐந்து மரைக்கு மேல் பிடிக்கும். நட்டின் வேலையை இரண்டு மரைகளிடம் கொடுப்பது சரியில்லை. மெல்லிய சுவரில் ஹெலிகாயில் போடாதீர்கள், அங்கே உள்ளே நட்தான் வேண்டும்.

தடித்த பிளாக், பற்றவைத்த கனமான புஷ், வார்ப்பு பிராக்கெட் இவற்றில் தாராளமாகப் போடலாம். இரும்பில் போல்ட்டின் விட்டம் அளவாவது மரை ஆழம் இருக்கட்டும். அலுமினியத்தில் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு.

போடும்போது கிட்டில் வரும் ட்ரில் பிட்டையே பயன்படுத்துங்கள். எம்10×1.5க்கு அது 10.4 மி.மீ.க்கு அருகில் இருக்கும். கிட்டின் டேப் (மரை வெட்டும் கருவி) அந்தச் சுருளுக்கென்றே செய்த பெரிய டேப், கடையில் வாங்கும் எம்10 டேப்பால் அந்த வேலை நடக்காது. துளை சாய்ந்துவிட்டால் போல்ட் தலை ஒரு ஓரத்தில் மட்டும் உட்காரும். ஆகவே நேராகத் துளைபோட்ட இரும்புக் கட்டை ஒன்றை வழிகாட்டியாக வைத்துத் தொடங்குங்கள். எண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. சுருளை மேற்பரப்பிலிருந்து அரைச் சுற்றாவது கீழே இறக்கி, அடியில் இருக்கும் சிறு நாக்கை பஞ்ச் எனும் இரும்புக் குச்சியால் தட்டி ஒடித்து வெளியே எடுத்துவிடுங்கள். அதை மறந்தால் போல்ட் அதில் போய் முட்டும்.

அடிக்கடி கழற்றி மாட்டும் போல்ட் என்றால் கம்பிச் சுருளை விட முழுப் புஷ் வகை இன்சர்ட்டுக்குத்தான் (உள்ளும் வெளியும் மரையுள்ள குழாய்த் துண்டு) என் ஓட்டு. விலை கூடுதல், ஆனால் போல்ட்டோடு சேர்ந்து வெளியே வராது.

இன்சர்ட் எதுவும் வேண்டாம், பெரிதாகத் துளை போட்டு எம்12 மரை வெட்டிவிடலாமா?

இரும்பு தடிமனாக இருந்து, துளையைச் சுற்றி விளிம்பு வரை போதிய இடமும் இருந்தால் வெட்டலாம். எம்12×1.75க்கு 10.2 மி.மீ. துளை. எதிரே வரும் பிராக்கெட்டின் துளையையும் பெரிதாக்க வேண்டியிருக்கும், அதற்கு அங்கே இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சுவர் 3 மி.மீ. என்றால் எம்12 இன்னும் மோசம். பிட்ச் 1.75 ஆவதால் இரண்டு மரைகூடத் தேறாது.

சேஸிஸின் குறுக்கே முழு நீள போல்ட் போட்டு அந்தப் பக்கம் நட் வைத்தால்?

வைக்கலாம், உள்ளே குழாய் இருந்தால். வெற்றுப் பெட்டியின் குறுக்கே போல்ட்டை இறுக்கினால் இரண்டு சுவர்களும் உள்ளே அமுங்கும். அமுங்கிய சுவர் ஸ்பிரிங் மாதிரி விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கும். இறுக்கம் நிற்காது, நாளடைவில் துளையைச் சுற்றி விரிசலும் வரும். சேஸிஸின் இரு சுவர்களுக்கும் குறுக்காகக் கனமான குழாயைச் செருகி, இரு பக்கமும் பற்றவைத்து, அதன் வழியாக போல்ட்டை விட்டால் அமுக்கம் முழுவதையும் குழாய் வாங்கிக்கொள்ளும். பம்பர், இழுவைக் கொக்கி மாதிரி பெரிய விசை வரும் இடங்களுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

வெல்டிங் செய்வதற்கு முன்னால் எதைக் கவனிக்க வேண்டும்?

வண்டி எந்த இரும்பில் செய்தது என்பதை. உயர்வலு இரும்பில் செய்த சேஸிஸில் சூடு பட்ட இடம் வலு இழக்கும். எங்கே பற்றவைக்கலாம், எங்கே கூடாது என்று தயாரிப்பாளரின் பாடி ரிப்பேர் கையேட்டில் இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுங்கள். வெல்டிங் மெஷினின் எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுங்கள். சுவரின் மறுபக்கம் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயர் எதுவும் ஓடவில்லை என்று நேரில் பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகளை அழுத்திச் சொல்கிறேன். குளோரின் கலந்த பிரேக் கிளீனரால் துடைத்த இடத்தில் வெல்டிங் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் பாஸ்ஜீன் என்ற விஷ வாயு உண்டாகும், கொஞ்சம் சுவாசித்தாலே நுரையீரலுக்கு ஆபத்து. துத்தநாகப் பூச்சுள்ள நட்டைப் பற்றவைத்தால் வரும் புகையும் காய்ச்சலில் தள்ளும். பூச்சு இல்லாத வெல்டு நட்டே கிடைக்கிறது, அதை வாங்குங்கள். நட்டில் ஒரு பழைய போல்ட்டை மாட்டிவிட்டு எதிரெதிர் பக்கங்களில் மாற்றி மாற்றிப் பற்றவைத்தால் நட் கோணாது, மரையிலும் பொறி விழாது. தண்ணீர் ஊற்றிக் குளிரவைக்க வேண்டாம், தானாக ஆறட்டும்.

லாக்டைட்டோ எபாக்சியோ நிரப்பி இறுக்கிவிட்டால் போதாதா?

போதாது. லாக்டைட் மரையில் விடும் பசை, நல்ல மரை தளராமல் காக்கும். இல்லாத மரையை உண்டாக்காது. எபாக்சி ஒயர் கிளிப்புக்குச் சரி, சேஸிஸ் சுமைக்கு இல்லை. தகட்டில் ரிவெட் மாதிரி அமுக்கிப் பொருத்தும் ரிவெட் நட்டும் அப்படித்தான்: மட்கார்டு, விளக்கு, சிறு மூடிகள் வரை அதன் எல்லை.

புது போல்ட்தான் போட்டேன், கையில் நாலு மரை சுலபமாகப் போனது. அப்புறம் இம்பாக்ட் கன்னால் இறுக்கியதும் மரை போய்விட்டது. ஏன்?

அளவு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., எம்8 போல்ட்டுக்கு 8. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் 5/16ன் சாதாரண மரை அங்குலத்துக்கு 18, அதாவது பிட்ச் 1.41 மி.மீ. எம்8க்கு 1.25. முதல் சில மரைகள் ஏறும், பிறகு இறுகும். அங்கே கையை நிறுத்தியிருந்தால் மரை தப்பித்திருக்கும். மெட்ரிக்கிலேயே எம்10ல் 1.5, 1.25 என்று இரண்டு பிட்ச் புழக்கத்தில் உண்டு. பிட்ச் கேஜ் ஒன்று வாங்கி வையுங்கள். அதுவரை பழைய போல்ட்டையும் புதியதையும் பக்கவாட்டில் சேர்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள், பல்லோடு பல் உட்கார வேண்டும்.

போல்ட்டின் தரமும் காரணமாகலாம். 8.8 என்ற வலுத் தரமுள்ள போல்ட்டுக்கு இருந்த நட்டில் அதைவிட வலுவான 10.9 போல்ட்டைப் போட்டு அதற்குரிய டார்க்கில் (முறுக்கு விசையில்) இறுக்கினால் முதலில் விட்டுப்போவது நட்டின் மரை. எம்10 சாதாரண மரைக்கு 8.8 என்றால் 45 முதல் 50 நியூட்டன் மீட்டர், 10.9 என்றால் 70 என்பது பொதுவான அட்டவணை. உங்கள் வண்டியின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். போல்ட்டில் ஆன்டி-சீஸ் (ஒட்டிக்கொள்ளாமல் காக்கும் மசகு) தடவியிருந்தால் அதே டார்க்கில் போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும், அதனால் டார்க்கைக் குறைக்க வேண்டும். எந்த போல்ட்டையும் முதல் ஐந்தாறு மரை விரலால் ஏற்றுங்கள். இம்பாக்ட் கன் கழற்றுவதற்கு, இறுக்குவதற்கு டார்க் ரெஞ்ச்.

சீட் பெல்ட் போல்ட்டின் மரையும் இதே மாதிரி சரிசெய்யலாமா?

வேண்டாம். சீட் பெல்ட், ஸ்டீயரிங் பாக்ஸ், சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்ம் மூன்றும் உயிர் சம்பந்தப்பட்டவை. தயாரிப்பாளர் சொன்ன முறையில், அந்த வேலை தெரிந்தவர் கையால்தான் நடக்க வேண்டும். ஒரு தகவல் மட்டும்: மெட்ரிக் வண்டிகளில்கூடச் சீட் பெல்ட் போல்ட் பெரும்பாலும் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. அதில் எம்12 போல்ட்டைத் திணித்து மரையைக் கெடுத்துவிடாதீர்கள்.

ரிப்பேர் முடிந்து எப்போது மறுபடி பார்க்க வேண்டும்?

முதல் ஓட்டம் முடிந்து வந்தவுடன். டார்க் வைத்ததும் போல்ட் தலையிலிருந்து பிளேட் வரை பெயின்ட் மார்க்கரால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு உடைந்திருந்தால் போல்ட் சுற்றியிருக்கிறது. கோடு நேராகவே இருந்து, ரெஞ்ச் வைத்ததும் சுலபமாக இறுகினால் உள்ளே ஏதோ அமுங்குகிறது. அப்போது மேலும் இறுக்காமல் கழற்றிப் பாருங்கள்.